கலன் திறப்பவள்

நெய்தல் நகரின் ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் மூன்று குழாய்கள் இருந்தன. ஒன்றில் தண்ணீர் வரும். இன்னொன்றில் மூச்சுக்காற்று வரும். மூன்றாவதில் கோழிக்கறி வரும்.

காலையில் மூன்றாவது குழாயைத் திருகினால், வெளிர் ரோஜா நிறத்தில் கறி ஒரு வடம்போல இறங்கித் தட்டில் சுருளும். வேண்டிய அளவு நறுக்கிக்கொண்டு குழாயை மூடிவிடலாம். எலும்பு கிடையாது, இறகு கிடையாது, ரத்தம் கிடையாது. மெய்யம்மையின் மகள் உமையாளுக்கு ஏழு வயது. கோழி என்பது அவளுக்கு ஒரு சுவையின் பெயர். கோழிக்குக் கண் உண்டு என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்த அன்று, வீட்டுக்கு வந்து குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

செவ்வாய்க் கோளில் கடல் இல்லை. ஆனாலும் முதலில் வந்து குடியேறியவர்கள் கடலோர ஊர்க்காரர்கள் என்பதால் நெய்தல் நகர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரிய குவிமாடத்துக்குள் சில ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களுக்கான கறி முழுவதும் நகரின் அடித்தளத்தில் இருந்த வளர்கலன்களில் விளைந்தது. பூமியிலிருந்து கொண்டுவந்த கோழியின் உயிரணுக்கள், ஆளுயரத்துக்கு மேற்பட்ட அந்தக் கலன்களில் பெருகிச் சதையாகும். உயிரணுக்களுக்கும் பசிக்கும். ஆகவே பசுங்கூடத்தில் விளையும் சோயாவை அரைத்து, நொதிக்கவைத்து, ஊட்டக்கூழாக அவற்றுக்கு ஊற்றவேண்டும். கலன்களின் தலைமைப் பொறியாளர் மெய்யம்மைதான். பசுங்கூடத்தின் பெரும்பகுதியில் விளைவது சோயா என்பதும், அவ்வளவும் கலன்களின் வாய்க்குள் போகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை ஒரு செய்தியாக நினைத்ததில்லை.

ஒரு நாள் காலையில் குழாயில் கறிக்குப் பதில் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஏதோ ஒழுகியது. புளித்த வாடை வீடு முழுக்கப் பரவியது.

மெய்யம்மை அடித்தளத்துக்கு ஓடினாள். எல்லாக் கலன்களிலும் ஒரே கிருமி புகுந்திருந்தது. சதை அழுகிவிட்டது. எல்லாவற்றையும் கவிழ்த்து, கொதிநீராவியில் கழுவி, முதலிலிருந்து தொடங்கவேண்டும். அது கைகூடப் பல மாதங்கள் ஆகலாம்.

அன்று மாலையே ஆணையர் சந்தியாகு திரையில் தோன்றினார். நல்ல மனிதர், பதற்றத்தைக் காட்டிக்கொள்ளமாட்டார். "கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்குங்க. பொங்கலுக்குள்ள கோழி வந்துரும். அதுவரைக்கும் எல்லாருக்கும் புழுமாவு" என்றார்.

கழிவுகளைத் தின்று வளரும் கருவண்டுப் புழுக்களை உலர்த்தி இடித்த மாவு அது. சத்தில் குறைவில்லை. மெய்யம்மை அதில் அடை வார்த்து, மேலே மிளகுத்தூளைத் தூவினாள். அவள் கணவன் பழனியப்பன் முகத்தைச் சுளிக்காமல் தின்றான். உமையாள் இரண்டாவது வாய் மெல்லும்போது நிறுத்திவிட்டாள்.

"அம்மா, தொண்டைக்குள்ள ஏதோ வளருது."

"மெதுவா முழுங்குடா. புழு இல்ல அது, மாவுதான்."

குழந்தை கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். உதடு தடித்துக்கொண்டே போனது. கழுத்தில் சிவப்புத் திட்டுகள் எழும்பின. மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பழனியப்பன் அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவக்கூடத்துக்கு ஓடினான். மருத்துவர் பரக்கத் நிஷா தொடையில் ஊசியைக் குத்தியபோது உமையாளின் நகங்கள் நீலமாகியிருந்தன.

மூச்சு திரும்பியது. ஆனால் நிஷாவின் முகம் தெளியவில்லை. "புழுப் புரதம் ஒத்துக்கல. இன்னிக்கு இவளோட சேர்த்து ஆறு குழந்தைங்க இப்படி வந்துட்டாங்க. இனிமே ஒரு துளிகூடக் குடுக்காதீங்க. அடுத்த தடவை ஊசி கேட்காமப் போகலாம்."

"அப்ப எதைத்தான் குடுக்கறது டாக்டர்?"

"அவசரக் கையிருப்புல காளான் கட்டி கொஞ்சம் இருக்கு. அதை வச்சு ஓட்டலாம். அதுக்குள்ள நீங்க கலனை ஓடவைங்க."

கலன் ஓடவில்லை. மெய்யம்மை புதிய உயிரணுக்களை விதைத்தாள், சோயாக்கூழை ஊற்றினாள், சில நாளில் அது புளித்தது. மறுபடி கவிழ்த்தாள், கழுவினாள், விதைத்தாள், ஊற்றினாள். மறுபடி புளித்தது. காளான் கட்டி தீர்ந்தது. உமையாள் கிழங்கும் கீரையும் தின்று நாளைக் கடத்தினாள். புரதம் இல்லாமல் கன்னம் ஒட்டிப்போனது. முடி கொத்தாகச் சீப்பில் வந்தது. ஒரு காலையில் காலணி மாட்டும்போது மெய்யம்மை குழந்தையின் வீங்கிய பாதத்தை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி எழும்பவே இல்லை.

அன்று வேலைக்குப் போனவள், நான்காவது கலனும் புளித்துவிட்டதைக் கண்டாள். வடிகாலைத் திறந்துவிட்டாள். வெண்மையான கூழ் சுழன்று சுழன்று சாக்கடைக்குள் இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்குத் திடீரென்று உறைத்தது. இறங்கிப் போய்க்கொண்டிருப்பது சோயா.

நேராக ஆணையர் அறைக்குப் போனாள்.

"ஆறு குழந்தைங்களுக்கு மட்டும் சார். ஒரு மூட்டை சோயா போதும், மாசக்கணக்கா ஓடும்."

சந்தியாகு கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்தார். "எனக்குப் புரியாம இல்லம்மா. சோயாவைத் திங்கலாம்னு எனக்கும் தெரியும். ஆனா அது கலனுக்கு ஒதுக்கினது. ஜனங்க புழுமாவை ஏன் பொறுத்துக்கிட்டுத் திங்கறாங்க தெரியுமா? கோழி வரும்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன். இன்னிக்கு ஆறு பேருக்குச் சோயாவைத் திறந்தா, நாளைக்கு எனக்குக் குடு உனக்குக் குடுன்னு வந்து நிப்பாங்க. கலனுக்குப் போட ஒண்ணும் மிஞ்சாது. அப்புறம் கோழியே கிடையாது."

"கலன்ல போட்டாலும் சாக்கடைக்குத்தான சார் போகுது?"

"அடுத்த தடவை சரியாயிரும். நீங்க கெட்டிக்காரங்க." பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சட்டம் உங்களுக்குத் தெரியும். கலன் ஊட்டத்துல கை வச்சா அடுத்த கப்பல்ல பூமிக்கு. நான் நெனைச்சாலும் மாத்த முடியாது."

செவ்வாயில் பிறந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. இந்த மெல்லிய ஈர்ப்பில் வளர்ந்த எலும்பு பூமியில் நிற்காது. அங்கே போனால் மிச்ச வாழ்நாள் முழுக்கப் படுக்கைதான். மெய்யம்மை நெய்தல் நகரில் பிறந்தவள்.

அன்று வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது, மேலங்கியின் உட்பைகள் புடைத்திருந்தன. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, சோயாவைக் கிண்ணத்தில் கொட்டினாள். பழனியப்பன் அதைப் பார்த்தான். காற்றுக்குழாய்களைப் பழுதுபார்க்கிறவன், விதிமுறை தவறினால் ஊரே மூச்சுத் திணறும் என்று கற்றுத் தேர்ந்தவன். அவன் முகம் வெளிறிவிட்டது.

"மெய்யு, என்ன காரியம் பண்ணியிருக்க?"

"சத்தம் போடாதீங்க."

"மாட்டுனா உன்னைக் கப்பல்ல ஏத்திருவாங்க. அப்புறம் நானும் அவளும் என்ன செய்யறது?"

"நான் மாட்டாம இருந்து அவ இல்லாமப் போனா, அப்ப என்ன செய்யறது?"

  அவன் போய்ச் சன்னல் திரையை இழுத்துவிட்டு வந்தான்.

ஊறிய சோயாவை அரைத்துப் பால் எடுத்தாள். காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து திரியவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டாள். உறைந்த கட்டியைத் துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் தடவிக் கல்லில் வாட்டினாள். எல்லாம் முடிந்தபின்தான் அந்தப் பயம் வந்தது. இதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால்?

நிஷா கொடுத்துவைத்திருந்த ஊசியைப் பழனியப்பன் மூடி கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். மெய்யம்மை அரிசியளவு கிள்ளி மகளின் நாக்கில் வைத்தாள். இருவரும் குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உமையாள் பயந்துபோய் அப்பாவின் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள்.

"தொண்டை எப்படிடா இருக்கு?"

"சும்மாதான் இருக்கு."

"வளருதா?"

"இல்லம்மா. இன்னும் கொஞ்சம் தா."

பழனியப்பன் ஊசியை மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். அவன் தோள்கள் குலுங்கின. மறுநாள் அவனே சொன்னான்: "மத்த அஞ்சு குழந்தைங்களையும் விட்டுற முடியாது மெய்யு. டாக்டர்கிட்ட நான் பேசறேன்."

நிஷா எதுவும் கேட்கவில்லை. மருந்துப் பெட்டிகளில் வைத்து ஐந்து வீடுகளுக்கும் கட்டிகளை அனுப்பினாள். அந்த ஐவரில் ஆதவன் என்ற பையன்தான் மிகவும் மோசமாக இருந்தான். அவன் எழுந்து நடந்த அன்று, அவன் தாய் கஸ்தூரி நடைவழியில் மெய்யம்மையைக் கண்டு இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.  அந்தக் கைகளைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கலனுக்குப் போகவேண்டிய கூழ் குறைவதைக் கலனின் எடைக்கருவி காட்டிக்கொடுத்தது. ஒரு மதியம் கதவு தட்டப்பட்டது. ஆணையர் சந்தியாகு தனியாக வந்திருந்தார். உமையாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டை மறைக்க நேரமில்லை.

"மாமா, சாப்பிடுறீங்களா?" என்று குழந்தை ஒரு துண்டை நீட்டினாள்.

அவர் குழந்தையின் கன்னத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். "நாளைக்குப் பேரவை கூடுது. வந்துருங்க" என்று மட்டும் மெய்யம்மையிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பேரவைக் கூடம் நிரம்பி வழிந்தது. புழுமாவு தின்று அலுத்த முகங்கள். கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "எங்க கோழியைத் திருடியிருக்கா!" அதைத் தொடர்ந்து பல குரல்கள் எழுந்தன. "அதான் கலன் ஓடல!" "கப்பல்ல ஏத்துங்க!" பழனியப்பன் மனைவிக்கு முன்னால் போய் நின்றான். மெய்யம்மை அவனை விலக்கிவிட்டு மேடைக்கு ஏறினாள். கையில் ஒரு பெரிய தட்டு.

"நான் கோழியை எடுக்கல. சோயாவை எடுத்தேன். எடுக்காம விட்டிருந்தா அது சாக்கடைக்குப் போயிருக்கும். கலன் நல்லா ஓடின காலத்துலயும், பத்து மூட்டை சோயாவை ஊத்துனா ஒரு மூட்டை கறி வரும். மிச்சம் எங்க போச்சுன்னு நானும் கேட்டதில்ல, நீங்களும் கேட்டதில்ல. ஆறு குழந்தைங்க இன்னிக்கு உயிரோட இருக்காங்க. என்னைக் கப்பல்ல ஏத்தறதுன்னா ஏத்துங்க. அதுக்கு முன்னாடி இதைச் சாப்பிட்டுப் பாருங்க."

யாரும் அசையவில்லை. கடைசியில் சந்தியாகுதான் எழுந்தார். புழுமாவு இறங்காமல் வெறும் கிழங்கிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தவர் அவர் என்பது யாருக்கும் தெரியாது. ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். கூடம் முழுவதும் அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் இன்னொரு துண்டை எடுத்தார்.

கலன்களை நிறுத்திவைத்து, சோயாவை எல்லோருக்கும் பகிர்வது என்று அன்று முடிவாயிற்று. மெய்யம்மையின் தண்டனை ரத்தாகவில்லை, ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்து வந்த மாதங்கள் நெய்தல் நகரின் பொற்காலம். சோயாக் கட்டியில் குருமா வைத்தார்கள், மிளகு வறுவல் செய்தார்கள், வடை தட்டினார்கள். பிள்ளைகள் தேறினார்கள். எல்லோரும் வயிறாரத் தின்றும் பசுங்கூடத்தில் மூட்டைகள் குவிந்தன. கலன்கள் தின்று தீர்த்தது அவ்வளவு. மெய்யம்மையை வழியில் பார்ப்பவர்கள் நின்று வணங்கினார்கள். வணங்கிவிட்டு ஒரு கேள்வியும் கேட்டார்கள்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. கோழி எப்ப வரும்?"

கப்பல் வந்தது. பழைய உயிரணுக்கள் கெட்டுப்போனதால், புதிதாக எடுத்துக்கொள்ளப் பூமியிலிருந்து கருக்கொண்ட முட்டைகளை அனுப்பியிருந்தார்கள். அவை பொரிந்தன. மஞ்சள் குஞ்சுகளைப் பார்க்க ஊரே திரண்டது. சந்தியாகு தினமும் போய் அவற்றின் முன் உட்கார்ந்திருந்தார். சிந்திய சோயாவைக் கொத்தித் தின்று அவை மளமளவென்று வளர்ந்தன, முட்டையிட்டன, அடைகாத்தன. ஒரு நாள் சந்தியாகு பேரவையை அவசரமாகக் கூட்டினார். அவர் கண்கள் மின்னின.

"நாம கலன் கலன்னு அலைஞ்சோமே, இதோ இருக்கு! இதுக்கு நீராவி வேண்டாம். கிருமி புகுந்தா தானே எதிர்த்துப் போராடுது. பழுதானா தானே சரிபண்ணிக்குது. எல்லாத்துக்கும் மேல, தன்னைப்போலவே இன்னொரு கலனைத் தானே செஞ்சு தருது! மூட்டைமூட்டையா சோயா சும்மா கிடக்கு. அதை இதுக்குப் போடுவோம். இதுக்கு நான் நடமாடும் வளர்கலன்னு பேர் வச்சிருக்கேன்."

கைதட்டல் குவிமாடத்தை அதிரவைத்தது. நிஷா மட்டும் எழுந்து கேட்டாள்: "அதுக்கு வலிக்குமே சார்?"

"கலனுக்கு எப்படிம்மா வலிக்கும்?" என்றார் ஆணையர், உண்மையான வியப்போடு.

வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. கலனைத் திறந்து கறியை எடுக்கவேண்டும். சமையல் எந்திரங்களிடம் கொடுத்தார்கள். உயிருள்ள எதையும் வெட்டக்கூடாது என்ற கட்டளை அவற்றுள் பதிந்திருந்ததால், அவை ஒவ்வொன்றாகப் பின்வாங்கி நின்றுவிட்டன. மனிதர் யாராவது செய்யவேண்டும். கைதட்டிய கைகள் எல்லாம் மடிக்குள் போயின. பிறகு தலைகள் மெல்லத் திரும்பி மெய்யம்மையைப் பார்த்தன.

"கலன் உங்க பொறுப்புதானே" என்றார் சந்தியாகு.

"என்னால முடியாது சார்."

"ஒத்திவச்ச தண்டனை ஒண்ணு இருக்கு. அதை நான் நினைவுபடுத்த வேண்டாம்னு பாக்கறேன்."

வீட்டில் பழனியப்பன் சொன்னான்: "நான் செய்யறேன் மெய்யு. நீ வேண்டாம்."

"பேர் என் பேர்ல இருக்கு. நீங்க செஞ்சா ரெண்டு பேர் கையும் கறைபடும். ஒருத்தி கையோட போகட்டும்."

அடித்தளத்தில், கழுவித் துடைத்த பழைய கலன்களுக்கு நடுவே அவள் முதல் கோழியைக் கையில் எடுத்தாள். அது இவ்வளவு சூடாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. உள்ளங்கைக்குள் அதன் இதயம் படபடவென்று அடித்தது. அது தலையைச் சாய்த்து அவளை ஒரு கண்ணால் பார்த்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முடித்தபின், அன்றைய பங்குத் தண்ணீர் தீரும்வரை கையைக் கழுவினாள். வீட்டுக்கு வந்து உமையாளுக்குத் தலைவாரப் போனவள், பின்னலைத் தொடாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

இந்தக் கறியில் எலும்பு இருந்ததால் குழாயில் அனுப்ப முடியவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பொது உணவுக்கூடத்தில் விருந்து வைத்தார்கள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. சோயாவைக் குறைசொல்லாமல் தின்றவர்கள்கூட, இதுதான் சாப்பாடு என்றார்கள். எலும்பைக் கடிக்கும் சத்தமும் சிரிப்பும் கூடமெங்கும் கேட்டன. உமையாளும் கோழிதான் வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கிவந்தாள். மெய்யம்மை தன் தட்டில் சோயாக் கட்டியை வைத்துக்கொண்டு, தின்னாமல் பிசைந்துகொண்டிருந்தாள்.

சில வாரங்கள் கழித்துத்தான், தங்கள் மேசையில் இருபுறமும் இருக்கைகள் காலியாகவே இருக்கின்றன என்பதைப் பழனியப்பன் கவனித்தான். முதலில் தற்செயல் என்று நினைத்தான்.

"அம்மா, ஆதவன் பள்ளிக்கூடத்துல என் பக்கத்துல உக்கார மாட்டேங்குறான்" என்றாள் உமையாள், எலும்பைச் சப்பியபடி. "நம்ம வீட்டு ஆளுங்க மேல ஒரு வாடை அடிக்குதாம். அவங்கம்மா சொன்னாங்களாம்."

பழனியப்பன் தட்டை நகர்த்திவிட்டு எழப்போனான். மெய்யம்மை அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

அப்போது எதிர் வரிசையிலிருந்து கஸ்தூரி எழுந்து இவர்களை நோக்கி வந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. குழந்தை சொன்னது பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்று மெய்யம்மைக்கு நெஞ்சு லேசானது. தன் தட்டை அவசரமாக ஒதுக்கி, பக்கத்து இருக்கையைத் துடைத்து இடம் செய்தாள்.

"உக்காரு கஸ்தூரி."

கஸ்தூரி உட்காரவில்லை. மேசைக்கு ஓரடி தள்ளியே நின்றாள்.

"இருக்கட்டும் மெய்யக்கா. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். அடுத்த ஞாயித்துக்கிழமை எங்களுக்கு ரெண்டு கால் சேர்த்து எடுத்து வைங்க. கால்னா ஆதவன் உயிரையே விடுவான்."

"சரி" என்றாள் மெய்யம்மை.

கஸ்தூரி நன்றி சொல்லிவிட்டு, முந்தானை அந்த மேசையில் படாமல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள்.